நிழல் பார்த்து இடம் பிடித்த காய்கறித் தோட்டம்

திருச்சி நகரின் தெற்குப் புறத்தில், கிழக்குப் பார்த்த மனையில், கைப்பிடிச் சுவரையும் சேர்த்து 14 அடி உயரமுள்ள ஒற்றைத் தள வீடு எங்களுடையது. முன்புறம் 22 அடி, பின்புறம் 25 அடி, வடக்கே 10 அடி, தெற்கே 6 அடி என்று நான்கு பக்கமும் மண் தரை கிடப்பதால், காய்கறித் தோட்டம் போடலாம் என்று முடிவானதும் எந்தப் பக்கம் என்பதில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் உறுதியான கருத்து இருந்தது. பின்புறம்தான் விசாலமானது என்றார் அப்பா. வடக்குப் பக்கம் குளுமையானது என்றார் அம்மா. கன்னி மூலையில் (தென்மேற்கு) வேம்பு, வாயு மூலையில் (வடமேற்கு) செப்டிக் டேங்க், ஈசான மூலையில் (வடகிழக்கு) ஆழ்துளைக் கிணறு, அக்னி மூலையில் (தென்கிழக்கு) சமையலறை என்று மனை ஏற்கெனவே பாதி நிரம்பியிருந்தது. மூலைகளை இப்பெயர்களால் குறிப்பது வாஸ்து நம்பிக்கையால் அன்று. தென்மேற்கு, வடமேற்கு என்று ஒவ்வொரு முறையும் சொல்வதைவிட இது சுலபம் என்பதால்தான்.

தோட்டத்துக்கு இடம் பார்ப்பது பற்றிப் படிக்கக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளிலிருந்து வருபவை. வீட்டுக்குத் தெற்கே தோட்டம் போடுங்கள், எவ்வளவு வெயில் கிடைக்கிறதோ அவ்வளவும் நல்லது என்பவை அவற்றின் சாரம். வடதுருவத்தை நோக்கிப் போகப் போக நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானிலேயே இருக்கும் என்பதால் அவர்களுக்கு அது சரி. திருச்சி ஏறத்தாழ 10.8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் 18ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில் உச்சிவெயில் வடக்கிலிருந்தும், மற்ற எட்டு மாதங்களில் தெற்கிலிருந்தும் அடிக்கிறது. ஆகவே ஒரே சுவரின் நிழல் ஆனியில் ஒரு பக்கமும் மார்கழியில் எதிர்ப்பக்கமும் விழும். ஒரு வாரம் மட்டும் வெயிலைக் கவனித்துவிட்டு இடத்தை முடிவு செய்வது நம் ஊரில் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

வேலையைப் பங்குனியில் தொடங்கினேன். நிழலின் ஓரத்தை மண்ணில் குறிக்கக் கோலமாவையே பயன்படுத்தினேன். காலை 8 மணி, 10 மணி, நண்பகல், பிற்பகல் 2 மணி, 4 மணி ஆகிய வேளைகளில் வீட்டின் நிழல், சுற்றுச்சுவரின் நிழல், வேம்பின் நிழல் ஆகியவை எங்கே முடிகின்றனவோ அங்கே ஒரு கோடு இழுத்து, கோட்டின் முனையில் மணியைப் பொறித்த சிறு குச்சியை நட்டேன். எறும்புகள் மாவை இழுத்துக்கொண்டு போனாலும் குச்சிகள் நின்றன. (கல்மாவாக இருந்தால் அந்தத் தொல்லையும் இராது, எங்கள் வீட்டில் இன்னும் பச்சரிசி மாவுதான்.) நண்பகல் என்பதைக் கடிகாரத்தின் 12 மணியாகக் கொள்ளக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணிக்கப்படுவதால், அதற்கு மேற்கே உள்ள திருச்சியில் சூரியன் உச்சியைத் தொடுவது பருவத்துக்கு ஏற்ப 12 மணிக்கும் 12.30க்கும் இடையில்தான். குச்சியின் நிழல் எப்போது மிகவும் குட்டையாகிறதோ அதுவே உச்சிவேளை.

மார்கழி நிழலைத் தெரிந்துகொள்ள மார்கழி வரை காத்திருக்க வேண்டியதில்லை. டிசம்பர் 21ஐ ஒட்டி இங்கே உச்சிவேளையில் சூரியன் ஏறத்தாழ 56 பாகை உயரத்தில் இருப்பதால், எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு வடக்கே விழும். ஜூன் 21ஐ ஒட்டி அதே வேளையில் நிழல் தெற்கே விழும். நீளம் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். இந்த இரண்டு விகிதங்களும் கையில் இருந்தால் ஓர் அளவுநாடாவும் வரைதாளும் போதும். எங்கள் 14 அடி வீட்டின் நிழல் மார்கழி உச்சியில் வடக்கே ஒன்பதரை அடி போகும் என்று கணக்கு சொன்னது. வடக்குச் சந்தின் அகலமே 10 அடிதான். அம்மா சொன்ன குளுமை உண்மைதான். ஆனால் ஐப்பசியிலிருந்து தை வரை, அதாவது நம் பக்கத்தில் காய்கறி தழைத்து வரும் பருவத்தில், அந்தச் சந்தின் பெரும்பகுதிக்கு நேர்வெயில் இல்லை. மாறாகச் சித்திரையிலிருந்து ஆடி வரை சூரியன் வடக்கே நிற்பதால் காலை முதல் மாலை வரை அங்கே வெயில் காயும். வெயில் வேண்டும்போது நிழல், நிழல் வேண்டும்போது வெயில் என்ற தலைகீழ்க் கணக்கு அது.

தெற்குச் சந்து அதற்கு நேர் எதிரானது என்றாலும் வெறும் 6 அடி அகலத்தில், ஒரு புறம் வீடும் மறுபுறம் 5 அடிச் சுற்றுச்சுவருமாக நெருக்குவதால் அதை விரைவிலேயே விலக்கிவிட்டேன். குளியலறைக் குழாய்களும் அதன் வழியாகத்தான் போகின்றன.

பின்புறத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான வீடுகளில் தோட்டம் அங்கேதான் போய்ச் சேர்கிறது. வீட்டுக்கு மேற்கே இருப்பதால் காலை 8 மணிக்கு வீட்டின் நிழல் ஏறத்தாழ 25 அடியையும் மூடிக் கிடக்கும். 10 மணிவாக்கில் 9 அடியாகச் சுருங்கும். அதன் பிறகு மாலை வரை மறைப்பே இல்லாத மேற்கு வெயில். நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் வெயில் என்று மட்டும் எண்ணினால் பின்புறம் தேறிவிடும். ஆனால் திருச்சியில் சித்திரை, வைகாசி மாதங்களில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தொடுவது சாதாரணம். தக்காளியோ பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டினாலே மகரந்தம் கெட்டுப் பூவை உதிர்க்கத் தொடங்கிவிடும். காலை ஏழு மணி வெயிலும் மாலை நான்கு மணி வெயிலும் கணக்கில் ஒன்றாக இருக்கலாம், செடிக்கு ஒன்றல்ல. மாலை வெயில் விழும்போது மண்ணும் சுவரும் ஏற்கெனவே காய்ந்து கொதித்துப்போயிருக்கும். எங்கள் மேற்குச் சுவரில் இரவு எட்டு மணிக்குக் கை வைத்தாலும் சூடு தெரியும்.

பின்புறத்துக்கு வேறு இரண்டு குறைகளும் இருந்தன. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று எங்கள் பகுதியில் வாழையைச் சாய்க்கும் வேகத்தில் வீசும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று விதைத்த இளங்கன்றுகள் அதில்தான் வேர்பிடித்தாக வேண்டும். இன்னொன்று வேம்பு. அதன் கிளை விரிவுக்கு வெளியே நான்கடி தள்ளி ஒரு முழ ஆழம் தோண்டிப் பார்த்தபோதுகூட விரல் கனத்துக்கு வேர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. நாம் விடும் தண்ணீரையும் இடும் உரத்தையும் முதலில் பருகுவது அந்த வேர்களாகத்தான் இருக்கும். வேம்பின் நிழல் வெயில்காலப் பிற்பகலில் பாத்திக்கு உதவும் என்று எண்ணுவதற்கும் வழியில்லை. கோடையில் சூரியன் வடமேற்கே இறங்குவதால் நிழல் தென்கிழக்காக, அந்தத் தெற்குச் சந்துக்குள் போய் விழுகிறது. மார்கழியில்தான் தோட்டத்தின் மேல் வருகிறது.

மிஞ்சியது முன்புறம். அங்கே காலை வெயில் தாராளமாக விழும். பிற்பகலில் வீடே குடை பிடிக்கும். கோலமாவுக் கோடுகளின்படியும் கணக்கின்படியும், பிற்பகல் இரண்டேகால் மணிவாக்கில் வீட்டின் நிழல் கிழக்கே ஏழிலிருந்து ஒன்பது அடி வரை நீள்கிறது. மூன்றேகாலுக்குக் கோடையில் 13 அடி, மார்கழியில் 16 அடி. நான்கேகாலுக்குள் முன்புறம் முழுவதும் நிழல். ஆடிக்காற்றையும் வீடே தடுத்துவிடுகிறது. வாசலில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வைப்பதுதானே முறை, கத்தரிக்காயையா வைப்பார்கள் என்று அத்தை கேட்டார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு: வாசல் பக்கம் என்றால் ஆடு எட்டிப் பார்க்கும், தெருப்புழுதி படியும், பழுத்த மிளகாயின் மேல் போகிற வருகிறவர்களின் கண் படும். ஆட்டுக்கு வேலி போடலாம், புழுதியைத் தண்ணீர் தெளித்துக் கழுவலாம். மேற்கு வெயிலுக்கு அப்படி எதுவும் செய்ய முடியாது என்று பதில் சொன்னேன்.

முன்புறத்திலும் இரு பகுதிகள் உண்டு. வாசல் நடைபாதைக்கு வடக்கே கிணற்றை ஒட்டிய ஈசானப் பகுதி, தெற்கே சமையலறை ஜன்னலுக்கு எதிரே உள்ள அக்னிப் பகுதி. தண்ணீர் பக்கத்திலேயே இருப்பதால் முதலாவதுதான் பார்வைக்குப் பொருத்தமாகத் தெரிந்தது. இவ்விரண்டுக்கும் இடையே தேர்வு செய்ய வெயில் உதவவில்லை, மண்தான் உதவியது.

முதலில் நான்கடி நீளமுள்ள இரும்புக் கம்பி ஒன்றை ஓரடிக்கு ஓரிடமாக மண்ணில் குத்திப் பார்த்தேன். அக்னிப் பகுதியில் கம்பி சீராக ஓரடிக்கு மேல் இறங்கி, அதன்பின் சுக்கானில், அதாவது சுண்ணாம்புக் கற்களில், கரகரவென்று நின்றது. ஈசானப் பகுதியில் பல இடங்களில் அரையடியிலேயே டங் என்று ஒலித்து நின்றது. கடப்பாரையால் பெயர்த்துப் பார்த்தபோது இரண்டு விரற்கடைக் கனத்தில் சாம்பல் நிற சிமெண்டு ஏடு ஒன்று வந்தது. அதன் அடிப்பரப்பில் செங்கல் துண்டுகளும் ஒரு பீடிக்கட்டின் தாளும் ஒட்டியிருந்தன. வீடு கட்டியபோது கலவை போட்ட இடம் அது. கட்டி முடித்த வீடுகளில் கலவை போட்ட இடத்தின் மேல் ஒரு லோடு செம்மண் அடித்து மூடிவிடுவது வழக்கம் என்பதால், மேலே தெரியும் மண்ணின் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

அடுத்து இரு பகுதிகளிலும் ஓரடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி, அது முழுதும் வற்றிய பிறகு மீண்டும் நிரப்பி, இரண்டாம் முறை ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளந்தேன். உலர்ந்த மண் முதல் முறை மளமளவென்று உறிஞ்சிவிடும் என்பதால் அந்த அளவுக்குப் பொருள் இல்லை. ஒன்றிலிருந்து மூன்று அங்குலம் இறங்கினால் காய்கறிக்குத் தகுந்த வடிகால் என்று கொள்ளலாம். அக்னிப் பகுதியில் இரண்டு அங்குலம் இறங்கியது. ஈசானப் பகுதியில் அரை அங்குலம்கூட இல்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை இரண்டு முனைகளிலும் பிடித்துப் பார்த்ததில், முன்புறம் தென்கிழக்கிலிருந்து வடகிழக்கு நோக்கி மூன்று அங்குலம் சரிந்திருப்பதும் தெரிந்தது. ஈசானம் தாழ்ந்திருக்க வேண்டும் என்று மனையை அப்படியே நிரவிவிட்டிருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் மனையின் தண்ணீர் முழுவதும் அங்கேதான் வந்து நிற்கும். மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்கு அது நல்ல இடம்; கத்தரிக்கும் மிளகாய்க்கும் வேரழுகலைக் கொடுக்கும் இடம்.

திருச்சிக்குத் தெற்கே மண்ணைப் பற்றிப் பேசும்போது களர்த்தன்மையை, அதாவது சோடியம் மிகுந்து மண் காரமாகிப் போயிருப்பதை, சோதிக்காமல் விட முடியாது. நாவலூர் குட்டப்பட்டில் உள்ள வேளாண் கல்லூரி களர் நிலத்துக்கென்றே திருச்சி 1, திருச்சி 3 ஆகிய நெல் ரகங்களை வெளியிட்டிருக்கிறது என்றால் சுற்றுவட்டாரத்து மண் எப்படிப்பட்டது என்று ஊகித்துக்கொள்ளலாம். பாத்தி போட நினைத்த இடத்தில் ஐந்தாறு புள்ளிகளைத் தேர்ந்து, மேல் குப்பையை விலக்கி, ஆங்கில ‘வி’ வடிவில் அரையடிக் குழி வெட்டி, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரே கனமாக மண்ணைச் செதுக்கி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வட்டமாகப் பரப்பி, நான்கு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்துக்கொண்டே வந்து அரைக் கிலோ மிஞ்சும்போது நிறுத்தி, நிழலில் உலர்த்தி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தேன். அக்னிப் பகுதியின் கார அமில நிலை 8.3, உப்பு அளவு இயல்பு. ஈசானப் பகுதியுடையது 8.9. முதலாவது சுண்ணாம்பு கலந்த மண்ணே தவிரக் களர் இல்லை. வினிகரைச் சொட்டுவிட்டால் பொரிந்து நுரைக்கும் மண் இது. ஜிப்சம் போடலாமே என்று உரக்கடையில் சொன்னார்கள்; களராக இல்லாத மண்ணுக்கு அது வீண் செலவு என்பது என் கருத்து. இதற்குத் தேவை மட்கிய தொழுவுரமும், பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவதும்தான். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்துச் செடிக்கு எட்டாமல் போவதால் இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளிறும். அதை எதிர்பார்த்தே இருந்தேன்.

தோண்டுவதற்கு முன் மண்ணுக்கடியில் எது எங்கே போகிறது என்று பழைய வரைபடத்தையும், வீட்டுக்கு வயரிங் செய்தவரையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இதில் பலரும் மறப்பது வீட்டு மின்இணைப்பை மண்ணோடு சேர்க்கும் எர்த் குழியை. உப்பும் கரியும் கொட்டி மூடும் குழி அது என்பதால், மின்சாரத்தைப் பற்றிய அச்சத்தை விட்டுவிட்டாலும் அதை ஒட்டிப் பாத்தி போடுவது மண்ணுக்கு நாமே உப்பிடுவதாகும். எங்களுடையது வடக்குச் சந்தின் முனையில் இருந்தது.

தண்ணீர்க் கணக்கையும் இடத்தோடு சேர்த்தே பார்த்தேன். 12 அடிக்கு 15 அடி, அதாவது 180 சதுர அடி என்பது ஏறத்தாழ 16.7 சதுர மீட்டர். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் தேவை என்று வைத்தால் 84 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் ஏறக்குறைய ஆறு குடம் ஆகிறது. ஈசானத்துக் கிணற்றடிக் குழாயிலிருந்து ரப்பர் குழாயை நீட்டினால் நடைபாதையைத் தாண்டி அக்னிப் பகுதிக்கு எட்டுகிறது. எட்டாமல் போயிருந்தால் மற்ற எல்லாப் பொருத்தங்களும் இருந்தும் அந்த இடத்தைக் கைவிட்டிருப்பேன். சமையலறைக் கழிவுநீரைப் பாத்திக்குத் திருப்பலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. பாத்திரம் துலக்கும் சோப்புநீரில் உள்ள சோடியம் ஏற்கெனவே காரமான மண்ணை மேலும் கெடுக்கும். அந்தத் தண்ணீருக்கு எப்போதும்போல ஒரு வாழையும் கல்வாழையும் போதும்.

ஆனி முடிவதற்குள் எல்லைக்கயிறு கட்டினேன். மார்கழியில் 5 அடிச் சுற்றுச்சுவரின் உச்சிவேளை நிழல் வடக்கே ஏறத்தாழ மூன்றரை அடி விழும் என்பதால் தெற்குச் சுவரிலிருந்து 4 அடி விட்டேன். கிழக்குச் சுவரிலிருந்தும் 4 அடி. வீட்டுச் சுவரிலிருந்து 6 அடி. அஸ்திவாரத்தில் ஈரம் ஏறாமலிருக்கவும், ஜன்னல் பக்கம் ஏணி வைக்கவும் அது வேண்டும். நடுவில் கிடைத்த 12 அடி அகலத்தில் மூன்றடிப் பாத்திகள் மூன்று, அவற்றுக்கிடையே ஒன்றரை அடி நடைவழிகள் இரண்டு. பாத்திகள் வடக்குத் தெற்காக நீள்கின்றன.

கயிறு கட்டியபின் நிழலை மறுபடி கவனித்ததில் ஒன்று தெளிவாகியது. அருகருகே இருந்தாலும் மூன்று பாத்திகளுக்கும் வெயில்நேரம் ஒன்றல்ல. வீட்டை ஒட்டிய பாத்திக்கு எட்டு மணிக்குள் வெயில் வந்து இரண்டு மணிவாக்கில் போய்விடுகிறது. கிழக்குச் சுவரை அடுத்த பாத்திக்குச் சுவரின் காலை நிழல் விலக ஒன்பது மணி ஆகிறது. ஆனால் கோடையில் நான்கு மணி வரை வெயில் நிற்கிறது. எனவே கிழக்குப் பாத்தியை மிளகாய், கத்தரி, வெண்டை ஆகியவற்றுக்கும், நடுவிலுள்ளதைத் தக்காளிக்கும், வீட்டை ஒட்டியதை அரைக்கீரை, சிறுகீரை, கொத்தமல்லிக்கும் ஒதுக்கினேன். பாகலும் புடலும் ஏறும் ஆறரை அடிப் பந்தலை வடக்கு முனையில் நிறுத்தியதால், அதன் மார்கழி நிழல் நாலரை அடி வரை நீண்டாலும் நடைபாதையின் மேல்தான் விழுகிறது; ஆனியில் தெற்கே திரும்பும்போது ஒன்றரை அடிக்கு மேல் வருவதில்லை.

ஆடியில் விதைத்து, மார்கழியில் மீண்டும் அளந்தபோது வடக்கு நோக்கிய நிழல்கள் கணக்கிட்ட இடத்திலிருந்து ஒரு சாண் இப்படியோ அப்படியோதான் இருந்தன. கணக்கில் வராதது பக்கத்து மனையின் முருங்கை ஒன்றுதான். மழைக்குப் பின் சுற்றுச்சுவருக்கு மேல் தழைத்து, தென்கோடியில் உள்ள இரண்டு கத்தரிச் செடிகளுக்குக் காலை வெயிலை மறைத்தது. அவர்களிடம் கேட்டு அந்தக் கிளையை வெட்டிக்கொண்டோம்; கீரை அவர்களுக்கும் எங்களுக்கும் சரிபாதி. பின்புறத்து மேற்கு வெயிலில் இப்போது ஒரு கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வைத்திருக்கிறேன். வடக்குச் சந்து துணி உலர்த்தும் கொடிக்குப் போய்விட்டது, மார்கழியில் அங்கே துணி காய்வதில்லை என்று அம்மா குறைபட்டுக்கொண்டாலும்.